கோல் விழும்போது வெளியே நிற்பவர்

எத்திராஜுக்கு ஒண்ணுக்கு வரவில்லை. வராமலேயே பீங்கானுக்கு முன்னால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம், முப்பதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தியா ஆடிக்கொண்டிருந்தது. எழுபது நிமிடம் தாண்டியிருக்கும், இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. ஜெயித்தால் அடுத்த சுற்று, சமனானால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று, கூட வேலை பார்த்த பழைய கூட்டாளி லாசர் காலையிலிருந்து பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பான். தரையில் ஒரு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருந்தது. அவர் குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நிற்கப் பார்த்தார். அறுபத்தொன்பது வயதில் விரல் நுனியில் எவ்வளவு நேரம் நிற்க முடியும். இறக்கினார். செருப்பின் ஓரமாக அது உள்ளே ஏறி, விரல் இடுக்கில் சில்லென்று தொட்டது. பக்கத்துப் பீங்கானுக்குள் யாரோ பாதி தின்ற சமோசாவைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது ஊறி, பருத்து, பட்டாணி ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினார். திருப்பிய இடத்தில் சுவரில் பான்பராக் எச்சில், மேலிருந்து கீழே வழிந்து, காய்ந்து, அதன்மேல் புதிதாக வழிந்து. முப்பத்தாறு வருடம் ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்தவர். தின்னர் நெடியில் மூக்கு செத்துப்போயிருக்க வேண்டும், எல்லோருக்கும் செத்துத்தான் போனது, இவருக்கு மட்டும் கூராகிவிட்டது. பினாயிலைத் தனியாகவும், மூத்திரத்தைத் தனியாகவும், பினாயிலைத் தோற்கடித்துவிட்ட பழைய மூத்திரத்தைத் தனியாகவும் அது பிரித்துச் சொல்லியது. கண் மறுபடி சமோசாவுக்கே போனது. அதைத் தின்றுகொண்டே எவன் இங்கே வந்திருப்பான், இந்த நாற்றத்துக்குள் எப்படிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பான், கடைசி வாயை எங்கே வைத்துக் கடித்திருப்பான். போதும். போதும் என்று சொன்னால் மனம் நிறுத்துகிறதா.

மேலே சத்தம் ஏறியது. எத்திராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டார். கார்னர். கார்னருக்கு எழும் சத்தம் ஒரு பக்கத்து காலரியில் தொடங்கி, படியில் ஓடி ஏறுவதுபோல மெதுவாக அடுத்த பக்கத்துக்குப் பரவும். ஏறியது, உச்சிக்கு வந்தது, பிறகு 'ச்ச' என்று ஆயிரக்கணக்கான வாய் ஒன்றாகக் காற்றை விட்டது. கோல்கீப்பர் பிடித்துவிட்டான், அல்லது தலைக்கு மேலே போய்விட்டது. தலைக்கு மேலே போனால் 'ச்ச'வுக்குப் பின்னால் கொஞ்சம் சிரிப்பும் இருக்கும். சிரிப்பு இல்லை. அப்படியானால் கீப்பர்தான். இதில் அவர் தவறியதில்லை. ஆஃப்சைடு என்றால் சத்தம் பாதி ஏறி ஒடிந்துவிடும். பெனால்டி என்றால் ஒரு உறுமல், அதன் பிறகு ஊர் செத்த மாதிரி அமைதி. எதிரணி கோல் போட்டால் ஒன்றுமே வராது, அப்போதுதான் சோடாக்காரனின் குரல்கூடக் கழிப்பறைக்குள் கேட்கும். நம் கோலுக்கு மட்டும் சுவர் அதிரும். பீங்கானுக்கு மேலே போகிற குழாய் கையில் உதறும். அந்த உதறலை நாற்பத்தைந்து வருடமாக எத்தனை ஊரில், எத்தனை மைதானத்தில் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். கொச்சியில், கோவாவில், கல்கத்தாவில் இரண்டு தடவை, ரிசர்வேஷன் இல்லாமல் கக்கூஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து போய், அங்கேயும் போய்க் கக்கூஸில் நின்று. பதினேழு கோல். இந்தியா போட்ட பதினேழு கோலுக்கு அவர் மைதானத்துக்குள் இருந்திருக்கிறார். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

முதல் தடவை நிஜமாகவே முட்டிக்கொண்டுதான் போனார். இருபத்துநாலு வயது, வயிறு முழுக்க மோர். பாதியில் நிற்கும்போது சுவர் அதிர்ந்தது. ஜிப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்து பார்த்தால் லாசர் யாரோ முன்பின் தெரியாதவன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில், முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, லாசர் அவர் தொடையைத் தட்டினான். "மச்சான், ஒண்ணுக்கு வரலியா உனக்கு?" என்று கேட்டான். வரவில்லை என்றார். "போய் நில்லு, வரும்" என்றான். போய் நின்றார். வந்தது கோல். அன்றைக்கு வியாசர்பாடி வரைக்கும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், கோல் போட்டவனே அவர்தான் என்பதுபோல. பேரிலேயே எத்து இருக்கிறது, உதைத்து வெளியே தள்ளுவதற்கென்றே பெற்றவர்கள் வைத்த பேர் என்று கிண்டல் செய்தார்கள். ராசி என்றார்கள். ராசிக்காரன் என்றால் இருக்கிற இடத்தில் நல்லது நடக்கும். இவருக்கு இருந்தது அதன் மறுபக்கம், இவர் இல்லாத இடத்தில் நல்லது நடந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று லாசர் சமாதானம் சொன்னான். இளம் வயதில் அதில் ஒரு பெருமைகூட இருந்தது. பதினோரு பேர் உள்ளே ஆடுகிறார்கள், பன்னிரண்டாவது ஆள் வெளியே நின்று ஆடுகிறான். பெருமையா அது. த்தூ. நாற்றத்தில் நின்று கொண்டு பெருமை. அப்போது நாறவில்லையா, நாறியிருக்கும், இதைவிட அதிகமாகவே நாறியிருக்கும், அப்போதெல்லாம் பீங்கான்கூடக் கிடையாது, தார் பூசின சுவர், கீழே சாக்கடை. பெருமை மூக்கை அடைத்து வைத்திருந்தது.

முகத்தில் மூன்று நிறம் பூசிக்கொண்ட நாலு பையன்கள் உள்ளே வந்தார்கள். தரையைப் பார்த்து உவ்வே என்று சொல்லி, அதிலேயே நடந்து வந்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று நிறத்தைச் சரிசெய்துகொண்டார்கள். ஒருவன் கையில் போன், அதில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே நடக்கிற ஆட்டத்தைக் கீழே நின்று போனில் பார்க்கிறான். எத்திராஜ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், பொம்பளைகள் குளிக்கிற இடத்தில் தவறி நுழைந்துவிட்டவரைப்போல. போனில் பார்த்தாலும் பார்த்ததுதானே. அந்தச் சந்தேகம் பல வருடமாக உண்டு. டீவியில் இந்தியா ஆடும்போதும் அவர் வாசலுக்குப் போய்விடுவார். பெண்டாட்டி சுலோச்சனா உள்ளே உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே, பந்து எங்கே போகிறது என்று சொல்வாள். அவளுக்கு ஆட்டம் புரியாது. "நீலச்சட்டை ஓடுது, நீலச்சட்டை வுழுந்துட்டான், எழுந்து சண்டைக்குப் போறான்" என்று சொல்வாள். அவருக்கு அது போதும். ஒருநாள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு வாசலுக்கே வந்து கேட்டாள். "உன் கண்ணுல இன்னா கொள்ளியாய்யா இருக்குது? என்னைத் தெனம் பாக்குறியே, நான் நல்லாத்தானே கீறேன்?" அவர் சிரித்தார். பையன்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்கோர் என்ன என்று ஒருவன் கேட்டான், இன்னொருவன் தெரியலை என்றான். தெரியவில்லையாம். கையிலேயே ஆட்டத்தை வைத்துக்கொண்டு தெரியவில்லையாம். எதற்கு வந்தீர்கள். முகத்தில் பூசிக்கொள்ளவா. அவர்களைப் பார்க்கவே குமட்டியது. பிறகு, எழுபதாவது நிமிடத்தில் ஒண்ணுக்கு வராமல் பீங்கான் முன்னால் நிற்கிற கிழவனைப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தார். அது இன்னும் குமட்டியது.

இன்றைக்கு லாசர் போகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது, சமோசாவைப் பார்த்ததும், பையன்களைத் திட்டியதும் எல்லாம் அதை நினைக்காமல் இருக்கத்தான். இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை லாசரின் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக இந்த நேரத்தில் ஒரு கண் சிமிட்டல் வரும், தொடையில் ஒரு தட்டு விழும். லாசர் பேரனோடு வீடியோ காலில் இருந்தான், போனைத் திருப்பித் திருப்பி மைதானத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ராசி மறந்தே போய்விட்டது. கேலியாகத் தொடங்கினான், கேலி சலித்ததும் விட்டுவிட்டான். எத்திராஜ் தானாகவே எழுந்து வந்தார். யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், படியிறங்கி, நாற்றத்தைத் தேடி. பழக்கம் என்று சொல்லலாம். பழக்கமில்லை. பயம். கோல் விழாமல் போய்விடுமே என்ற பயமா. அந்தப் பயத்தோடு நாற்பது வருடம் நின்றிருக்கிறார், அதன் ருசி அவருக்குத் தெரியும், இது அதில்லை. இது தலைகீழானது. தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோல் விழுந்துவிட்டால்? விழுந்துவிட்டால் என்ன. நல்லதுதானே. இந்தியா ஜெயிக்கும். விழுந்துவிட்டால் என்ன, விழுந்துவிட்டால் என்ன என்று மனம் குழாயில் சொட்டுகிற தண்ணீர்போல அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த வார்த்தைக்குப் போக மறுத்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியிலும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், ஆண்கள் கழிப்பறை வாசலில் ஒரு பெஞ்ச். மாடியில் இரண்டாவது வார்டில் சுலோச்சனா. மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். முதல் நாள் அவர் டீ வாங்கப் போன நேரத்தில் கண் திறந்தாள் என்றார்கள். மூன்றாம் நாள் மருந்துச் சீட்டோடு அவர் வெளியே போனபோது குழாயை எடுத்துவிட்டார்கள், நர்ஸம்மா வந்து இப்போது பரவாயில்லை என்றாள். சுலோச்சனாவின் தம்பி வேணு பக்கத்தில் நின்றான். அவனும் ஒரு காலத்தில் இவர்களோடு மேட்சுக்கு வந்தவன்தான். மூன்று நாளாகத் தூங்காத முகத்தோடு, ஏதாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னான். "மாமா, நீ வெளியே போனாத்தான் அக்காவுக்கு ஒத்துக்குது." அவ்வளவுதான். அவன் அதைச் சொன்னதை அன்று மாலையே மறந்திருப்பான். எத்திராஜ் படியிறங்கிக் கீழே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்றம் இதே நாற்றம்தான். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் டெட்டால் சேர்ந்திருக்கும். இரண்டு நாள் அங்கேயே இருந்தார். அவள் தூங்குகிறாள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மேலே போய்க் கதவோரம் காலை மட்டும் பார்த்துவிட்டு வருவார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதம், வெடிப்பு, மெட்டி. முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் கெட்டுவிடும். ஐந்தாம் நாள் பகல் பன்னிரண்டரைக்கு வேணு இறங்கி வந்தான். அக்கா கேட்கிறாள், வா மாமா என்றான். நன்றாகப் பேசுகிறாளா என்று கேட்டார். நன்றாகப் பேசுகிறாள், கஞ்சி குடித்தாள், உன்னைத்தான் கேட்கிறாள் என்றான். நன்றாக இருக்கும்போது போகக் கூடாது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருக்கும்போது யாராவது எழுந்து இடம் மாறி உட்காருவார்களா. அப்புறம் வருகிறேன் என்றார். ஒன்றே காலுக்கு மறுபடி வந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "எங்க அவரு, எங்க அவருன்னு வாசலையே பாக்குறா மாமா. இன்னா மனுசன் நீ?" என்றான். அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். பிடித்த இடத்தில் யாரோ ஒட்டிய பபிள்கம், கெட்டியாகாதது. அதை விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தார். ஆயிரக்கணக்கானவர்களின் சத்தத்தைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு மாடியிலிருந்து வந்த எதுவும் பிடிபடவில்லை. ஒரு ஸ்டூல் இழுபட்டது. யாரோ ஓடினார்கள். பிறகு வேணுவின் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல். அவசரமில்லாததிலிருந்து தெரிந்துகொண்டார்.

ஊரில் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியும். கல்நெஞ்சன் என்றார்கள். பெண்டாட்டி சாகிறாள், இவன் கக்கூஸ் வாசலில் உட்கார்ந்திருந்தான் என்றார்கள். வேணு அதற்குப் பிறகு வீட்டுப் படி மிதிக்கவில்லை. எத்திராஜ் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்காமல் இருந்தால் அதைவிட மோசம். உள்ளுக்குள் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். போயிருந்தால் அவள் பன்னிரண்டரைக்கே போயிருப்பாள். போகாததால் ஒன்றரை வரை இருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்கு அவர்தான் வாங்கிக் கொடுத்தார். நான்கு வருடமாக இதைத்தான் தின்று, இதைத்தான் போர்த்திப் படுத்தார். இது நிற்க வேண்டுமானால் ராசி நிற்க வேண்டும். ராசி நிற்க வேண்டுமானால் அவர் கண்முன்னால் கோல் விழக் கூடாது. அடுத்த வார்த்தை கடைசியில் வந்துவிட்டது, இந்தப் பீங்கானுக்கு முன்னால் நிற்கும்போது. இந்தியா ஜெயிப்பதற்காக இங்கே நிற்கவில்லை நீ. பிச்சைக்காரன் கந்தலைப் பாதுகாக்கிற மாதிரி உன் சாக்கைப் பாதுகாத்துக்கொண்டு நிற்கிறாய். தன்மேலேயே எச்சில் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவும் செய்தார், பீங்கானுக்குள்.

அப்போதுதான் ஒரு தடித்த ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடியில் குனிந்து, எத்திராஜின் வலது கால் மேலேயே வாந்தியெடுத்தான். சூடாக இருந்தது. பிராந்தியும் முட்டைப் பொரியலும். சாரி பெருசு, சாரி பெருசு என்று சொல்லிக்கொண்டே கால்மேல் மறுபடியும் எடுத்தான். எத்திராஜுக்கு நினைப்பு, ராசி, சுலோச்சனா எல்லாம் ஒரு ஓரமாகப் போய்விட்டன, காற்று மட்டும் வேண்டியிருந்தது. குழாயில் காலை நீட்டினார், தண்ணீர் வரவில்லை. மூலையில் கிடந்த பக்கெட்டில் மிதந்ததைப் பார்த்ததும் அதையும் விட்டுவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு கால் வழுக்க, படியேறினார். படி முடிகிற இடத்தில் காலரியின் வாய் திறந்தது. காற்று வந்து முகத்தில் மோதியது. வெயில் இறங்கி, விளக்குகள் போட்டிருந்தார்கள். பச்சை. அவ்வளவு பச்சையை அவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்தி, காற்றை மட்டும் குடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். திரும்பிப் போகலாம். காலைக் கழுவாமல் எப்படி உள்ளே போவது, திரும்பித்தான் போக வேண்டும், காரணம் தயாராகவே இருந்தது. வாசலில் நின்ற பெண் போலீஸ் கம்பால் கம்பியைத் தட்டினாள். "உள்ள போறதுன்னா போ தாத்தா, வெளிய போறதுன்னா போ. வழியில நிக்காத." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவர் பின்னால் திரும்பிப் படியைப் பார்த்தார். கீழேயிருந்து அந்த நெடி ஏறி வந்தது. அதற்குள் இன்னொரு முறை இறங்க முடியாது என்று உடம்பு சொல்லிவிட்டது. உள்ளே போனார்.

முழங்கால்களைத் தாண்டி, திட்டு வாங்கி, தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். லாசர் போனைப் பையில் போட்டுவிட்டிருந்தான். எத்தனையாவது நிமிடம் என்று கேட்டதற்கு எண்பத்தாறு என்றான். பிறகு அவர் எங்கேயிருந்து வருகிறார் என்பது அவனுக்கு உறைத்தது. முகம் மாறியது. "அங்கதான் இருந்தியா இவ்ளோ நேரம்? அப்பன்னா ஏன்டா வந்த? இன்னும் நாலு நிமிசம் கீதுடா" என்றான். காலில் என்ன நாற்றம் என்று கேட்கவில்லை. அவனுக்கு மூக்கு எப்போதோ செத்துவிட்டது. எத்திராஜ் கையை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார். வலது ஓரத்தில் நம் ஆள் ஒருவன் பந்தை உயரமாக உள்ளே போட்டான். எதிரணிக்காரன் தலையால் தட்டினான், அது சரியாகப் படாமல் பின்னால் போனது. கீப்பர் எழும்பிக் குத்தினான், அதுவும் சரியாகப் படவில்லை. ஏழெட்டுக் கால்களுக்கு நடுவே பந்து கிடந்தது. நம் ஆள் உதைக்கப் போய் வழுக்கினான். அவன் முழங்காலில் பட்டு, எதிரணிக்காரனின் பின்பக்கத்தில் பட்டு, பந்து மெதுவாக, யாருக்கும் அவசரமில்லாததுபோல உருண்டது. கோட்டைத் தாண்டி, வலை வரைக்கும்கூடப் போகாமல் நின்றது. இதுவா. இவ்வளவு அசிங்கமாகவா. நாற்பத்தைந்து வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணை மூடி, மனதுக்குள் எத்தனை அழகாக அடித்துப் பார்த்திருக்கிறார். யாரும் அடிக்காத ஒரு கோல். சத்தம்கூட வரவில்லை, சத்தத்துக்குள்ளேயே அவர் இருந்தார், உள்ளேயிருந்து கேட்டால் அதற்கு உருவமே இல்லை. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முன்வரிசையின் முதுகுகள் மைதானத்தை மறைத்தன. அவர் உட்கார்ந்தே இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அது விழுந்தது. அவர் பார்ப்பதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. எப்போதும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி மாடியிலும்.

லாசர் யார் யாரையோ கட்டிப்பிடித்துவிட்டு, அழுத முகத்தோடு திரும்பினான். குனிந்து அவர் தோள்களைப் பிடித்தான். உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"டேய், பாத்தியா? கண்ண மூடிக்கினுதான இருந்த? சொல்லு, மூடிக்கினுதான இருந்த?"

அவன் அதை நல்ல மனதோடுதான் கேட்டான். ஆமாம் என்று சொன்னால் போதும். தலையசைத்தால்கூடப் போதும். ராசியும் பிழைக்கும், பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு மணி நேரமும் பிழைக்கும். சுற்றிலும் ஆட்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவர் தலையில் தண்ணீரை ஊற்றினார்கள்.

"இல்ல, லாசர்," என்றார். "பாத்துக்கினுதான் இருந்தேன்." பிறகு, லாசருக்குக் கேட்கிறதோ இல்லையோ என்று நினைக்காமல், "மேல போயிருக்கலாம்" என்றார்.

லாசர் கழுத்தைத் திருப்பி, உச்சியில் இருந்த மேல் காலரியை அண்ணாந்து பார்த்தான்.

"மேலயா? அங்கேருந்து ஒண்ணும் தெரியாதுடா. இங்கதான் நல்லா தெரியும்" என்றான்.